உன் இடது காதை அவர்கள் படமெடுத்த விதம்

ஏளா,

மேசை மேல் ஒரு முத்துமாலை கிடக்கிறது. பிளாஸ்டிக். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் தியேட்டர் வாசலில் நின்று கழுத்தில் போட்டுவிட்டார்கள். மணக்க வேண்டுமென்று ஏதோ சென்ட்டை வேறு அதில் தெளித்திருக்கிறார்கள். நாலு நாளாகியும் அந்த நாற்றம் அறையை விட்டுப் போகவில்லை. தூத்துக்குடியில் நின்றுகொண்டு, முத்து என்று சொல்லி, இதை நம் கழுத்தில் போடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். குப்பையில் வீசத்தான் எடுத்தேன். வீசுவதற்கு முன்னால் உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன் கதை படமாக வந்துவிட்டது. முதல் காட்சியே போய்ப் பார்த்துவிட்டேன். உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்ல?

பீச் ரோட்டில் அந்த ஷிப்பிங் ஆபீஸ் மாடியில் உனக்கும் எனக்கும் பதினாறு வருஷம் அடுத்தடுத்த மேசை. நான் நாசரேத்திலிருந்து வந்தவள், நீ கடலோரத் தருவைகுளத்துக்காரி. சேர்ந்த புதிதில் உன் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு நான் எதையாவது கேட்பேன்; நீ திரும்பியே பார்க்க மாட்டாய். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நீயாகவே சொன்னாய்: “ஏளா, அந்தப் பக்கத்துக் காது செத்துப்போச்சு. நீ இங்கன வந்து உக்காரு.” அன்றைக்கே மேசையை இழுத்து மறுபக்கம் போட்டுக்கொண்டேன்.

கப்பல் தாமதமாகி வேலை ஓடாத ஒரு மத்தியானம், சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு உன் போனை என்னிடம் நீட்டினாய். “வாசிச்சுப் பாரு. நல்லா இல்லன்னா சொல்லிரு, அழிச்சிருதேன்.” நான் சாப்பிட மறந்து வாசித்தேன். ‘ஏழாம் பார்’ கதையின் முதல் அத்தியாயம் அது.

முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டை நம் ஆட்கள் பார் என்பார்கள். உன் கதையில், தெரிந்த ஆறு பார்களுக்கும் அப்பால் யார் கண்ணிலும் படாத ஏழாவது ஒன்று இருந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எல்லாரும் அங்கே குடியிருந்தார்கள். அவர்கள் பேசுவது நல்ல காதுக்குக் கேட்காது. சங்கு குளித்துக் குளித்து ஒரு காது உடைந்துபோன சலேத்தாளுக்கு மட்டும், அந்த உடைந்த காதில் கேட்கும். நாற்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, முன்பல் ஒன்று இல்லை. அவள் ஏழாம் பாருக்கு இறங்கிப் போவாள். செத்தவர்கள் சொல்லாமல் விட்டதைக் கேட்டு வந்து கரையில் இருப்பவர்களிடம் சொல்வாள். தொடராக வந்த ஆறு புத்தகத்திலும் அவள் செய்த வீரம் இவ்வளவுதான். சண்டையே இல்லாமல் இத்தனை பேர் எப்படி வாசிக்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “நான் யாரையும் கொல்லப்போறதில்ல ஏளா. கடலு கொன்னது போதும்” என்றாய்.

நீ வாராவாரம் எழுதிப்போட்டதைப் போனில் வாசித்தவர்கள், பிறகு சென்னையில் புத்தகமாக அச்சான பின் வாங்கி வாசித்தவர்கள், கையெழுத்துக்காக நம் ஆபீஸ் படியேறி வந்த கல்லூரிப் பெண்கள் எல்லாரையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பிழை திருத்தியவள் நான். அதனால் இந்தப் படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

டிக்கெட் கொண்டுவந்தது உன் தம்பி. மில்லர்புரத்து வீட்டிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, “எக்கா, நீங்க வராம எப்படி? அவளே வந்த மாதிரி இருக்கும்லா” என்றான். புதுச்சட்டை போட்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அவன் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிஷம் நன்றாக இருந்தது. விடியற்காலை உப்பளத்தை மேலிருந்து காட்டி, அப்படியே கடலுக்கு வந்து, தண்ணீருக்குள் இறங்கி, பாறையில் ஒட்டிய சிப்பிகளைக் காட்டினார்கள். திரையில் உன் பெயர் வந்தது. உன் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும்தான். செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு சலேத்தாள் வந்தாள். படத்தில் அவளுக்குச் சாகரிகாவாம் பெயர். இருபத்திரண்டு வயது. நனைந்த துணியோடு பாறைமேல் படுத்துப் பாடுகிறாள். பல்லெல்லாம் வரிசையாக இருக்கிறது, காதெல்லாம் பழுதில்லாமல் இருக்கிறது. அவளுக்கு வழிகாட்ட நீலமாக மின்னும் ஒரு கல். உன் கதையில் இல்லாத ஒரு கதாநாயகன், கையில் ஒளி வீசும் ஈட்டியோடு வந்தான். ஏழாம் பாரில் இருந்தவர்கள் எல்லாரும் பல்லை இளித்துக்கொண்டு பாயும் பிணங்கள். அவன் வெட்ட வெட்ட விழுகிறார்கள். அதில் ஒரு பிணம் கைலி கட்டியிருந்தது, கழுத்தில் நம் கடல்காரர்கள் அணியும் மாதா உத்தரியக் கயிறு போட்டிருந்தது. அதன் தலையை அவன் சீவினான். விசில் பறந்தது. எனக்கு முன்வரிசையில் தருவைகுளத்துப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தி எழுந்தாள், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரவேயில்லை. யார் வீட்டில் யார் திரும்பாமல் போனார்களோ.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தக் காதை என்ன செய்தார்கள் தெரியுமா? கதாநாயகனின் கூட்டாளிக்குக் கொடுத்தார்கள். காமெடியன். கண்ணை உருட்டி, கையைக் காதில் குவித்து “ஆங்? ஆங்?” என்பதுதான் அவனுக்கு வேலை. ‘வலையைப் போடு’ என்றால் ‘இலையைப் போடு’ என்று கேட்டு, சம்மணம் போட்டுச் சாப்பிட உட்காருவான். தியேட்டர் அதிர்ந்தது. உன்னிடம் மறைக்கவில்லை, முதல் தடவை எனக்கும் உதடு கொஞ்சம் விரிந்துவிட்டது. அடுத்த நொடியே வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. ‘ஆங்?’ என்று ஒருமுறை அதிகமாகக் கேட்டுவிட்டான் என்று சாகரிகா அவனை ஓங்கி ஒரு அறை விடுகிறாள். இடது கன்னத்தில், காதோடு சேர்த்து. அவன் பம்பரமாகச் சுற்றி விழுந்து, எழுந்து, “கேக்குது! எனக்குக் கேக்குது!” என்று கத்துகிறான். உடனே குத்துப்பாட்டு. ஜனங்கள் எழுந்து நின்று ஆடினார்கள்.

ஐந்தாம் வகுப்பில், பக்கத்துப் பிள்ளையிடம் பென்சில் கேட்டதற்காக ஒரு வாத்தியார் விட்ட ஒரே அறையில்தான் உன் காது போனது. முதலில் ரத்தம் வந்தது, பிறகு சீழ் வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை, சத்தமும் வரவில்லை. இதை நீ சொல்லி எனக்குத் தெரியும். உன் தம்பிக்கும் தெரியும். திரும்பிப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நான் பார்ப்பதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினான்.

வெளியே வந்ததும் ஒரு பையன் மைக்கை நீட்டினான். பின்னால் கேமரா. “மேடம், நீங்க ரைட்டரோட பெஸ்ட் ஃப்ரெண்டுன்னு சொன்னாங்க. அவங்க இருந்திருந்தா இன்னைக்கு எப்படி ஃபீல் பண்ணியிருப்பாங்க?”

“அவ இருந்திருந்தா பாதியிலயே எந்திச்சுப் போயிருப்பா. செவிட்டுக் காதுன்னா சிரிப்புன்னு எவன்யா ஒங்களுக்குச் சொன்னான்? அவ எழுதினதுல அந்தக் காதுதான் கதையே. அதப் புடுங்கி ஒரு கோமாளிக்கு மாட்டியிருக்கிய. அவ காது போனதே ஒரு அறையில. அது தெரிஞ்சும் அறைஞ்சு காதத் தொறக்க வச்சிருக்கிய. ச்சீ!” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“மேடம், கொஞ்சம் பாசிட்டிவா இன்னொரு டேக் போலாமா?” என்றான் அந்தப் பையன்.

“போலே, சோலியப் பாத்துக்கிட்டு” என்று நடந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அந்த வீடியோ வந்தது. என் பேச்சு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். நான் அழுகிற முகம் மட்டும் இருந்தது. மேலே வயலின். கீழே ‘எழுத்தாளரின் தோழி விட்ட ஆனந்தக் கண்ணீர்’ என்று எழுத்து. ஆபீஸில் எல்லாரும் பார்த்துவிட்டு என்னை வாழ்த்துகிறார்கள். ஒவ்வொருவரிடமாகப் போய், அது ஆனந்தம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன், மைக்கை விட்டு நான் நடந்தபோதே, வண்டி நிறுத்துமிடத்தில் உன் தம்பி என்னை மறித்தான். “என்னக்கா இப்படிப் பேசிட்டிய? ஊரே பாக்கு. சினிமான்னா அப்பிடித்தான் மாத்துவாவ. அவ பேரு மொதல்ல வந்துச்சுல்லா, அது பெருசு இல்லியா?”

“அவ அறை வாங்கின அன்னைக்கு நீ எங்கன இருந்த?”

சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். “மூணாம் வகுப்புல. ப்யூன் வந்து என்னையக் கூப்பிட்டாரு. நான்தான் அவ கையப் புடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். தோள்பட்டையெல்லாம் ரத்தம். கீழ விழுந்துட்டேன்னு அம்மைட்ட சொல்லுலேன்னா.”

“பொறவு எப்படிலே சிரிச்ச?”

“சிரிக்கலக்கா.”

“சிரிச்ச. நான் பாத்தேன்.”

அவனுக்கு ஐம்பது வயதாகப் போகிறது. அந்த வெயிலில், வண்டிகளுக்கு நடுவே, புதுச்சட்டையோடு தலையைக் குனிந்து நின்றான். என்னைக் கொண்டுவிடட்டுமா என்றுகூட அவன் கேட்கவில்லை. நான் ஆட்டோ பிடித்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் செய்தான். “படக்காரனுக்குப் போன் போட்டேங்க்கா. அந்த ஒரு சீன மட்டும் தூக்கிருங்கன்னு கெஞ்சிப் பாத்தேன். ‘சார், தியேட்டர்ல அதுக்குத்தான் கைதட்டே’ன்னு சொல்லுதான். ரெண்டாம் பாகத்துலயும் அந்தக் காமெடியன் உண்டாம். வெற்றி விழாவுக்கு மேடையில எனக்கு சேர் போட்டிருக்காவளாம். நான் வர மாட்டேன்னுட்டேன்.” பிறகு, “எல்லாரும் சிரிச்சாவக்கா. நானும் சிரிச்சிட்டேன்” என்றான். அவன் மேல் இருந்த கோபம் அதோடு எனக்குப் போய்விட்டது.

ஆனால் என் மேல் இருப்பது போகவில்லை. இவ்வளவு நேரம் சுற்றி வளைத்து எழுதியதெல்லாம் இதைச் சொல்லத்தான்.

உன் கடைசி மாசத்தில் ஆஸ்பத்திரிக்குப் படக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்களே. நான் உன் வலப்பக்கம் உட்கார்ந்து அவர்கள் கேட்பதை உனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்டவன் கேட்டான்: “மேம், இந்தக் காது ஐடியா எப்படி வந்துச்சு?” நீ என் முகத்தைப் பார்த்தாய். வேண்டாம் என்று நான் தலையாட்டியிருக்கலாம். நீ அதற்காகத்தான் பார்த்தாய். நான், “சொல்லுளா. தெரிஞ்சாத்தான ஒழுங்கா எடுப்பாவ” என்றேன்.

நீ சொன்னாய். பென்சில், அறை, ரத்தம், வீட்டில் சொன்ன பொய் எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். கண்ணாடி போட்டவன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நல்ல பையன் என்று நான் நினைத்தேன். துடைத்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டான்.

அவர்கள் போனபின் கேட்டாய்: “மாத்திருவாவளோ?”

“இதப் போயி எந்த மனுசனாவது மாத்துவானா?” என்றேன்.

நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். ஒருவேளை உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். எனக்கு வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. அவர்கள் தெரியாமல் செய்யவில்லை ஏளா. உன் வாயால் கேட்டு, எழுதிக்கொண்டு போய்ச் செய்தார்கள். கதவைத் திறந்துவிட்டவள் நான். மன்னித்துவிடு என்று எழுத வருகிறது. அந்த வார்த்தை போதாது என்றும் தெரிகிறது.

இன்னும் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது உன் தம்பிக்கும் தெரியாது. கடைசி நாள் மத்தியானம் நீ நினைவில்லாமல் கிடந்தாய். அவன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். மேசையை மாற்றிப் போட்ட பின் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக நான் கட்டிலைச் சுற்றி உன் இடப்பக்கம் வந்து, குனிந்து, அந்தக் காதில் பேசினேன். சலேத்தாளுக்குக் கேட்கும் என்றால் உனக்கும் கேட்கும் என்று அந்த நேரத்தில் முழுசாக நம்பினேன். ரொம்ப நேரம் பேசினேன். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

என்ன பேசினேன் என்று யாரும் கேட்டதில்லை. இனி யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாலும் நான் சொல்லப்போவதில்லை.