அழித்துவிட்டதாகச் சொன்ன குரல்

கீழே இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து கரியைக் கிளறினார். அந்த வாசம் மாடி ஜன்னலுக்கு ஏறி வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டேன். ராமநாதபுரத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து தினமும் இப்படித்தான். பிள்ளைக்கு மூச்சு முட்டும் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். அது பாதி நிஜம். மீதி நீ. குரல் தேர்வுக்கு வந்த அன்று உன் சேலையிலும் தலைமுடியிலும் இதே வாசம்தான் இருந்தது.

உனக்கு எழுத ஒரு வருஷம் பிந்திவிட்டேன்.

எங்கள் வானொலி எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும். ஒரு கோபுரம், இரண்டு அறை, அதில் ஒன்றில் சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. அறிவிப்பாளராக ஒரு பெண் வேண்டும் என்று நோட்டீஸ் அடித்தார்கள். அதை ஊர் ஊராகப் போய் ஒட்டும் வேலை எனக்கு. நோட்டீஸ் கட்டைக் கையில் கொடுக்கும்போதே நிர்வாகி சொன்னார்: "எல்லாத் தரப்பு ஆளுகளுக்கும் சொன்னோம்னு பைல்ல இருக்கணும். அஞ்சு ஊரு, எல்லாத் தெருவும். இடம் முடிஞ்சு போச்சு, அத மனசோட வச்சுக்கங்க." வானொலியின் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரின் அக்கா மகள் இரண்டு வாரமாகவே மைக் முன்னால் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது ஐந்து மாதம். பிரசவத்துக்குப் பிறகு என்னைத் திரும்ப எடுப்பார்களா என்பதே பயம். வாயைத் திறக்கவில்லை.

சாயல்குடிக்கு உள்ளே தள்ளி இருக்கும் உன் ஊரில் பால் சொசைட்டிச் சுவரிலும் கோயில் பக்கத்திலும் ஒட்டிவிட்டுத் திரும்பினேன். கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து நீ ஓடிவந்தாய். விறகை அடுக்கி மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் மூட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாய். முகத்தில் கண் மட்டும்தான் வெளுப்பு.

"அக்கா, இது எங்க தெருவுக்கும் உண்டா, இல்ல இங்கன வரைக்குந்தானா?"

எல்லாருக்கும்தான் என்றேன்.

"அப்ப அங்கன வந்து ஒட்டுங்க. பசை நான் தாரேன்."

வீட்டுச் சோற்றுக் கஞ்சியைத் தடவி உங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டியில் நீயே ஒட்டினாய். பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன் என்றாய். கண்மாய்க் கரை மேல் ஏறினால்தான் எங்கள் வானொலி உங்கள் ஊரில் கேட்கும் என்றும் சொன்னாய். "இம்புட்டு நாளும் ஆடு மேய்க்கிறவுகளுக்கு மட்டுந்தான் பேசிக்கிட்டு இருக்கிய." நான் சிரித்தேன். நோட்டீஸ் பக்கத்தில் உன்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டேன். கோப்புக்கு வேண்டிய தெரு கிடைத்துவிட்டது என்ற நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது. இப்போதாவது அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குரல் தேர்வுக்கு முன் மூன்று நாள் தொண்டைக்காக மூட்டத்துப் பக்கமே போகவில்லை என்றாய்; வாசம் மட்டும் உன்னை விட்டுப் போயிருக்கவில்லை. செய்தித்தாளைக் கொடுத்தோம், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் வாசித்தாய், இரண்டு இடத்தில் இருமினாய். பிறகு, உனக்குத் தெரிந்த எதையாவது பேசு என்றோம். அப்போதுதான் உன் குரல் வந்தது. வெள்ளைப் புகை வந்தால் விறகில் இன்னும் ஈரம் இருக்கிறது, நீலமாக மெலிந்தால் கரி ஆகிவிட்டது, உடனே ஓட்டைகளை மண் வைத்து அடைக்க வேண்டும். "மேல ஏறி நிக்கயில காலுக்குக் கீழ கும்முனு கேட்டா யோசிக்காம எறங்கிரணும். உள்ள விறகு வெந்து குழி விழுந்திருக்கும்." நிர்வாகியே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அதனால் எதுவும் மாறவில்லை.

தேர்வானவர் பெயரை வானொலியிலேயே சொல்வோம் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தோம். அதை வாசித்ததும் நான்தான். உன் தெருவே கரை மேல் ஏறி நின்றது என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுநாள் சாயல்குடி பூத்திலிருந்து நீ போன் செய்தாய். கேட்டியா என்றேன்.

"கேட்டேங்க்கா. இரைச்சல் இல்லாமத்தான் வந்துச்சு. நல்லா வாசிச்சிய."

அடுத்த முறை ஆள் எடுத்தால் மறக்காமல் உங்கள் தெருவுக்கு வந்து சொல்லச் சொன்னாய். வாரேன் என்றேன்.

என் மகள் பிறந்த இருபதாம் நாள் உன் செய்தி வந்தது. மூட்டத்தின் மேல் ஏறி மண் அப்பும்போது உள்வாங்கிவிட்டது என்றார்கள். கும்மென்று உனக்குக் கேட்டதா, கேட்டும் இறங்க நேரமில்லையா, யாரிடம் கேட்பது? பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாய். பச்சைப் பிள்ளைக்காரி தீக்காய வார்டுக்குப் போகக்கூடாது என்றார் அம்மா. அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். அம்மா வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான்.

போய்விடும் என்று நான் பயந்த வேலை போகவில்லை. திரும்பச் சேர்ந்த வாரம் உன் அண்ணன் வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். மாலை போட உன் படம் வேண்டும் என்றார். தண்ணீர்த் தொட்டி, நோட்டீஸ், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நீ. கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிறகு கேட்டார்:

"தங்கச்சி குரல இங்கன பிடிச்சு வச்சியளாமே. அம்மா ஒருதடவ கேக்கணுங்குது. இருக்கா?"

"அதெல்லாம் அப்பவே அழிச்சிருவோம்ண்ணே."

"சரித்தா" என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அழிக்கவில்லை. ஒரு சிடியில், பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் இருக்கிறது. நான்கு நிமிடம். அதன் தொடக்கத்தில் இருப்பது என் குரல்: "பயப்படாமப் பேசு. தகுதி இருந்தா வேலை உனக்குத்தான்." அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு உன் அம்மாவிடம் கொடுக்கலாம் என்று ஒருநாள் கணினி முன் உட்கார்ந்தேன். நான் பேசி முடிக்கும் முன்பே நீ சிரித்துக்கொண்டு "சரிக்கா" என்கிறாய். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. என்னை வெட்டினால் அந்தச் சிரிப்பும் போய்விடுகிறது.

வெட்டாமல் கொடுக்க இன்னும் எனக்குத் துணிவில்லை. உன் அம்மா இன்னும் உன் குரலைக் கேட்கவில்லை.