வெற்றிலை போட்டுக்கொண்ட காவிரி

மாப்ளே,

யாரும் நம்பமாட்டாத கதையொன்றை எழுதுவதாக இன்று சபதம் செய்திருக்கிறேன். நீ இருந்தால் நம்புவதற்கு ஓர் ஆளாவது கிடைத்திருக்கும்.

காலையில் பரமத்தி வேலூர் பேருந்து நிலையத்தில் ஈர வெற்றிலை வாசம் அடித்தது. "வந்துட்டியாடா?" என்று திரும்பினேன். "ஏனுங்க, என்னையவா கேட்டீங்க?" என்றது ஒரு பெண்குரல். யாரோ வெற்றிலைக் கூடைக்காரம்மா. நீ போனது என் மூக்குக்கு இன்னும் தெரியாது.

பள்ளியிலும் உன்னை அப்படித்தான் அறிந்தேன். விடியலில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிவிட்டு வருவாய். முகத்துக்கு முன்னே வாசம் வந்துவிடும். எனக்கோ பாதிப் பார்வை. என் கண்ணாடியைக் கழற்றி வெயிலில் வைத்தால் ஜேடர்பாளையம் வரைக்கும் கரும்புச்சாறு கொதித்து வெல்லமாகிவிடும், அத்தனை தடிமன். அதைப் போட்டும் கரும்பலகை எனக்கொரு கறுப்பு மேகம்தான்.

"அரையாண்டுல தேறலைன்னா சேலத்துல பார்வையில்லாதவங்க பள்ளிக்கூடத்து ஹாஸ்டல்ல சேத்துருங்க" என்று தலைமையாசிரியர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் நீ என் இடக்காதில் கரும்பலகையை ஓதினாய். ஓதியதோடு விட்டாயா? "காவிரி குடகுல பொறந்து, வேலூர்ல நின்னு வெத்தலை போட்டுக்கிட்டு, கடலுக்குப் போவுது." பரீட்சையில் அப்படியே எழுதிவைத்தேன்.

வாத்தியார் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். எழுந்த சிரிப்பில் கூரை ஓடுகள் பறந்துபோய்த் திருச்செங்கோட்டு மலையில் விழுந்தன. நான் மட்டும் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகும் தகரப்பெட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்தாய்.

"நாந்தானுங்க சார் சொன்னேன். அவனுக்குப் போர்டே தெரியாதுங்க. காதுல வுழுந்ததத்தான் எழுதுவானுங்க."

வாத்தியார் தாளை மறுபடி புரட்டினார். நீ ஒழுங்காக ஓதியதெல்லாம் எழுத்துப் பிசகாமல் இருந்தது. "காதுல கேட்டே இவ்வளவா, சாமி?" என்றார். தேறினேன். அன்றிலிருந்து அவர் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். உன் உத்தியோகம் போயிற்று. ஆனாலும் பேருந்துப் பலகை, கல்யாணப் பத்திரிகை, சாப்பாட்டுக்கடை விலை என்று ஆயுசுக்கும் புளுகு கலந்து எனக்குப் படித்துக்காட்டினாய்.

கடைசியில், நாமக்கல் ஆஸ்பத்திரியில் எழமுடியாமல் கிடந்தபோது என்னிடம் கேட்டாய்: "சன்னல்ல என்னடா தெரியுது?"

எனக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. உன் காதருகே குனிந்தேன். "காவிரிடா. ரெண்டு கரையும் தொட்டுப் போவுது. வெத்தலை போட்டிருக்கா, ஓரமெல்லாம் செவப்பு."

"சுண்ணாம்பு சாஸ்தியாயிருச்சாட்ட இருக்குது" என்றாய். அதற்குமேல் நீ பேசவில்லை.

வெல்லம், ஓடு, காவிரி எல்லாவற்றையும் புளுகென்றே ஊர் தள்ளிவிடட்டும். ஒன்று மட்டும் நிஜம், சின்னதுதான்: எந்தப் பலகையின் முன்னால் நின்றாலும், இடக்காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.