மணல் கிடக்கு மாப்ள

அன்புள்ள யூசுப் மாப்ளைக்கு,

வரும் வெள்ளிக்கிழமையோடு நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன் படத்தைப் போட்டு நாலு வரி எழுதித் தரச்சொல்லி நம் பத்திரிகை ஆபீஸில் கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற சேதி இல்லை என்னிடம். மூன்று மாதமாக உன்னிடம் சொல்லாமல் ஒன்றை வைத்திருக்கிறேன். தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஊரே படிக்கிற இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

உன் வண்டியைக் கீழே போட்டுவிட்டேன். பின்னால் உன் மகள் உட்கார்ந்திருந்தாள்.

பதறாதே. நஸ்ரின் நன்றாக இருக்கிறாள். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று சுலபமாக எழுதிவிட்டேன். முப்பது வருஷம் விபத்துச் செய்தி எழுதியவன் நான். 'சிறு காயங்களுடன் உயிர் தப்பினார்' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்? எழுதி முடித்த கையோடு உன்னைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அந்த வரிக்குள்ளே இவ்வளவு பயம் இருக்கும் என்று அப்போது தெரியாது.

நீ வண்டி ஓட்டுவாய், நான் பின்னால் உட்காருவேன். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் சேதி சேகரித்தோம். நீ படம் பிடிக்கிறவன், நான் எழுதுகிறவன். ராஜபாளையம் மில் வாசல், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட், செட்டியார்பட்டி குழாயடிச் சண்டை, எல்லாம் அந்த ஒரே வண்டியில். பின்னால் சும்மா உட்கார்ந்து வந்தவனில்லை நான். உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவேன். "நாய் வருது மாப்ள." "பள்ளம் மாப்ள." "மணல் கிடக்கு மாப்ள." சொல்லிவிட்டு உன் வலது தோளில் ஒரு தட்டு. நீ உடனே வேகத்தைக் குறைப்பாய். ஒரு நாளும் நாம் விழுந்ததில்லை.

உனக்கு ஒரு ஹெல்மெட் இருந்தது. செக்போஸ்ட் கண்ணில் படும்வரை அது பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து வரும். எனக்கு அதுவும் கிடையாது. பின்னால் இருப்பதை ஒரு தலை என்று நம் ஊரில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நாமும்தான்.

நீ போன பிறகு உன் பெண்டாட்டி வகிதாதான் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நிக்க வச்சா துருப்பிடிச்சுப் போயிரும்ணே. நீங்களே ஓட்டுங்க" என்றாள். ஐம்பத்தைந்து வயதில் மைதானத்தில் ரவுண்டு அடித்துப் பழகினேன். பையன்கள் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். உன் கேமராவை நஸ்ரின் எடுத்துக்கொண்டாள். ஆபீஸிலும் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். வகிதா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "ஒங்க கூடன்னா போகட்டும்ணே. வேற யாரு பின்னாலயும் ஏத்தி அனுப்ப மாட்டேன்."

அந்த வார்த்தையைத்தான் நான் கீழே போட்டேன்.

ஐப்பசி. முந்தின நாள் நல்ல மழை. செண்பகத்தோப்பு ஓரமாக ஒரு தென்னந்தோப்புக்குள் யானை இறங்கி மரங்களைச் சாய்த்துவிட்டது என்று சேதி வந்தது. காலையில் போனோம். நஸ்ரின் படம் எடுத்தாள், நான் தோட்டக்காரரிடம் பேசினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும்போது மணி பதினொன்றரை. நல்ல வெயில். ரோட்டில் வேறு வண்டி கிடையாது. இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்தேன். முள் இருபதைத் தொடவில்லை. என் தலையில் ஹெல்மெட் இருந்தது. அவள் தலையில் துப்பட்டா.

ஓடைப் பக்கம் ஒரு வளைவு. மழைத் தண்ணீர் மணலை அடித்துக்கொண்டு வந்து ரோட்டின் குறுக்கே பரப்பியிருந்தது. நான் அதைப் பார்த்தேன் மாப்ள. நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா?

"மணல் கிடக்கு மாப்ள" என்றேன்.

சொல்லிவிட்டு நீ வேகத்தைக் குறைப்பாய் என்று காத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு மூச்சு இருக்கலாம். அதற்குள் முன்சக்கரம் மணலுக்குள் போய்விட்டது. ஹேண்டில் என் கையில் அல்லவா இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பதறி முன்பிரேக்கை இறுக்கினேன். வண்டி இடது பக்கமாகப் படுத்தது. 'டொக்' என்று ஒரு சத்தம். தேங்காயைத் தரையில் போட்டது போல.

அது அவள் தலை என்று நினைத்தேன்.

கால் வண்டிக்கடியில் மாட்டியிருந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயம்.  அந்தச் செத்த நேரம் முழுக்க என் மனசில் நீதான் நின்றாய். 

"மாமா, கால ஆட்டாதீக. வண்டியத் தூக்குறேன்" என்று அவள் குரல் கேட்டது. எழுந்து நின்றிருந்தாள். தலை நிறைய மணல். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, கேமரா ஓடுகிறதா என்று பார்க்க அங்கேயே ஒரு படம் எடுத்தாள். உன் மகள்தானே! அப்புறம் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கேட்டாள்: "யார மாமா கூப்பிட்டீக?"

செருப்பைத் தேடுகிற மாதிரி மணலைத் துழாவினேன்.

தரையில் மோதியது என் ஹெல்மெட்தான். இடது காதுக்கு மேலே ஒரு தேய்ப்பு, அதற்கடியில் முடி போல ஒரு விரிசல். எனக்குக் கணுக்காலில் எலும்பு விரிசல், உள்ளங்கையில் தோல் போய்விட்டது, முட்டி பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. அன்று காலில் ரப்பர் செருப்பு. இருபதைத் தொடாத வேகத்தில் இவ்வளவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாட்ட நான் இருந்தேன்னு சொல்லிராதீக மாமா. சொன்னா அம்புட்டுதான். கேமராவ பீரோல வச்சுப் பூட்டிரும்." நான் சரி என்றேன். தனியாக விழுந்தேன் என்று வகிதாவிடம் சொன்னேன். நாள், கிழமை, இடம் ஒன்று பிசகினால் அடுத்த நாளே திருத்தம் போடுகிறவன் உன் வீட்டில் பொய் சொன்னேன்.

வகிதா, தான் வேலை பார்க்கிற பேண்டேஜ் யூனிட்டிலிருந்து சுருள் சுருளாகத் துணி கொண்டுவந்து ஒன்றுவிட்டு ஒருநாள் என் முட்டிக்குக் கட்டு மாற்றினாள். "முட்டிய மடக்காதீகண்ணே. அசையாம கெடங்க. எழுதுறவுகளுக்கு முட்டி எதுக்கு?" என்று கேலி வேறு. சில நாள் நஸ்ரினும் கூட வருவாள், முழுக்கைச் சட்டையோடு. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

தெருவில் ஏதாவது வண்டி பிரேக் பிடித்தால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். பகலில் கண்ணை மூடினாலே மணல்தான். விழுந்ததைக் கூடத் தாங்கிக்கொள்வேன் மாப்ள. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே நீ ஓட்டுகிறாய் என்று என் உடம்பு நினைத்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இன்னொரு தடவை நினைக்காது என்று யார் சொல்வது? கூட்டத்தில் நினைத்தால்? லாரிக்கு முன்னால் நினைத்தால்?

மாவுக்கட்டுப் பிரித்த அன்று, கேமரா ஓடுகிறதா என்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பச்சொல்லி நஸ்ரினிடம் கேட்டேன். பெரிதாக்கிப் பார்த்தேன். மணலில் அவள் விழுந்த தடம் தெளிவாக இருந்தது. தோள் பட்ட இடம், அதற்கு மேலே தலை பட்டுக் குழிந்த இடம். குழிக்குப் பக்கத்தில் கிலோமீட்டர் கல்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முட்டி வீக்கம் இன்னும் வடியாததால் வகிதா வந்து கட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள்; போனை அவளிடம் நீட்டினேன். "நஸ்ரினும் இருந்தாம்மா. அவ தலையில ஹெல்மெட் இல்ல" என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். போட்டோகிராபர் பெண்டாட்டி, படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு விரலை அகட்டிக் கல்லுக்கும் குழிக்கும் நடுவே வைத்தாள்.

"ஒரு சாண்கூட இல்லண்ணே."

போனைத் திண்டில் வைத்தாள். பாதி சுற்றிய கட்டை அவிழ்க்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை. எழுந்து போய்விட்டாள்.

நாலு நாள் வரவில்லை. நஸ்ரின் வேலைக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. கேமரா பீரோவுக்குள் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். உன் மகளுக்குப் பிடித்த ஒரே வேலையை நான் கெடுத்தேன். பொய் சொன்னது அதைக் காப்பாற்ற, உண்மையைச் சொன்னதில் அது போயிற்று.

ஐந்தாம் நாள் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். வகிதா உள்ளே வரவில்லை. "கெளம்புங்க. ஹெல்மெட் கடைக்குப் போவோம்" என்றாள், அவ்வளவுதான்.

ராஜபாளையம் கடைக்கு ஆட்டோவில் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "தலைக்கா, போலீசுக்கா?"

"தலைக்கு" என்றாள் வகிதா.

என் பழைய ஹெல்மெட்டையும் கொண்டுபோயிருந்தேன். உயிரைக் காத்ததாயிற்றே, வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். அவர் உள்ளே விரலை விட்டு அழுத்திக் காட்டினார். வெள்ளைத் தெர்மாகோல் அமுங்கிக் கிடந்தது. "இது ஒரு அடிதான் சார் தாங்கும். வாங்கிருச்சு. இனி இதுல குருவிதான் கூடு கட்டலாம்."

நஸ்ரின் தலையை அளக்க வேண்டும். கடை டேப்பில் எண் எல்லாம் அழிந்துபோயிருந்தது. "ஒரு நூலு இருந்தாப் போதும், ஸ்கேல்ல வச்சுப் பாத்துக்கிருவேன்" என்றார். வகிதா பைக்குள் கையை விட்டாள். அதில் இருந்தது என் முட்டிக்குக் கொண்டுவந்த பேண்டேஜ் சுருள்தான். அதை எடுத்து, புருவத்துக்கு மேலே வைத்து, மகள் தலையைச் சுற்றினாள்.

ஒரு சுற்றுதான் மாப்ள. வெள்ளைத் துணி தலையைச் சுற்றி வந்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.  கடை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். நஸ்ரின் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, அளந்தாச்சா?" என்றாள் சின்னக் குரலில். வகிதா துணியை வெடுக்கென்று உருவினாள்.

முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட்டாக எடுத்தோம். விழும்போது தாடையும்தான் அடிபடும் என்றார் கடைக்காரர். நஸ்ரின் வழக்கம்போல வாரை மாட்டாமல் நின்றாள். வகிதா பின்பக்கம் பிடித்து ஒரு தூக்கு, அது கையோடு வந்துவிட்டது. "வார மாட்டு ஏட்டி." மாட்டிய பிறகு மறுபடி பிடித்து, மல்லுக்கட்டுகிற மாதிரி முன்னால் இழுத்தாள்.

"எம்மா! தலையே கையோட வந்துரும்போல!"

"வரலேல்ல? இதக் குடுங்க."

எனக்கும் அதே சோதனை. நரைத்த தலையைக் கடைக்குள் வைத்து இழுத்த இழுப்பில் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்த கையுறை இரண்டு ஜோடி, கணுக்காலை மூடுகிற ஷூ, முட்டிக்குக் கவசம். வெயிலுக்குக் காற்று போகிற மாதிரி வலைத்துணி ஜாக்கெட்டும் காட்டினார். முட்டிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து நஸ்ரின், "யானையப் பாக்கப் போறீகளா, யானைகூடச் சண்டைக்குப் போறீகளா மாமா?" என்றாள். வகிதா சிரிக்கவில்லை.

வெளியே வந்து வகிதாவிடம் சொன்னேன், இனி நான் ஓட்டுவதாக இல்லை என்று. மணலைப் பார்த்துவிட்டு யாரைக் கூப்பிட்டேன் என்பதையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

 அவள் மகளைக் காட்டிச் சொன்னாள்: "இவ லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் ஆச்சு. அவிய வண்டிய இவளே ஓட்டட்டும். நீங்க பின்னால ஒக்காருங்க."

"பயமா இருக்கும்மா."

"எனக்கு இல்லையா? அம்புட்டு வருசமும் அவிய விழாம வீடு வந்து சேந்தது யாரால? நீங்க சொன்னீக, அவிய கேட்டாக. இவளுக்கும் சொல்லுங்க."

நாளைக் காலை ஏழு மணிக்கு உன் வீட்டு வாசலிலிருந்து கிளம்புகிறோம். அதே செண்பகத்தோப்பு ரோடு. ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வாரை மூன்று தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டேன். பயம் போகவில்லை. பின்னால் உட்காரப்போகிறோம் என்றதும் போய்விடும் என்று நினைத்தேன். இப்போது முன்னால் இருப்பது அவள் தலை. பயம் கூடித்தான் இருக்கிறது. என்னைப் பின்னால் வைத்து ஓட்டும்போது உனக்கும் இப்படித்தான் பயம் இருந்ததா? ஒரு நாளும் நான் கேட்டதில்லையே.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வளைவு வரும். மணல் கிடந்தால் முதலில் என் கண்தான் பார்க்கும். பார்த்த அந்த நொடியே வாயைத் திறப்பேன், அவள் வலது தோளில் தட்டுவேன். ஆனால் உன்னைக் கூப்பிட மாட்டேன் மாப்ள. "நஸ்ரின், மணல்" என்பேன்.

உன் மாமன்,
சங்கரலிங்கம்