குப்புற அடுக்கிய நட்சத்திரங்கள்

என் மகள்களின் தந்தைக்கு,

பிரான்ஸில், அந்த மார்செய் நகரத்தில் குளிர் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். போர்த்திவிட அங்கே ஆள் இருப்பதால் எனக்குக் கவலையில்லை.

நம் டைல்ஸ் பட்டறையை மூடிவிடச் சொன்னதற்குத்தான் இந்தப் பதில்.

இங்கே மொராக்கோவில், நம் ஃபெஸ் நகரப் பெண்கள் சங்கத்தில் கணினியில் லோகோ வரையக் கற்கிறேன். ஆசிரியை சிஹாமுக்கு நம் மூத்தவள் வயதுதான். ஒரு வடிவம் பக்கத்து வடிவத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும் என்பது முதல் பாடம். அதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? இருபது வருடம் உங்களோடு உட்கார்ந்து டைல்ஸ் துண்டுகளைக் குப்புற அடுக்கியவள் நான். துண்டுகளின் முதுகில் பூசிய சிமென்ட் இறுகி, தூக்கி நிறுத்தினால்தானே அவற்றின் முகம் தெரியும்!

அந்தப் பழக்கம்தான் என் மானத்தை வாங்கியது. பட்டறையின் லோகோவில், நட்சத்திரங்களுக்கு நடுவே, உங்கள் பெயரை இடம்வலம் மாற்றி எழுதிவிட்டேன்.

"லல்லா, இதைப் படிக்க ஆளுக்கொரு முகம்பார்க்கும் கண்ணாடி கொண்டு வரணுமா?" என்றாள் சிஹாம். 'லல்லா' என்று அழைக்கும் மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. வகுப்பே சிரித்தது.

"எங்க வேலையில முகத்தைக் கடைசியிலதாம்மா பார்ப்போம்," என்றேன். சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது.

அவள் ஒரே தட்டில் திருப்பினாள். உங்கள் பெயர் நேராக நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே அழித்தேன். நடுவில் பொத்தல் விழுந்தது. அங்கே இன்னொரு நட்சத்திரத்தை வைத்தேன்; கச்சிதமாகப் பொருந்தியது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பட்டறை வாசலில் புதுப் பலகை ஏறுகிறது. பூட்டையும் மாற்றிவிட்டேன். வந்தால் கதவைத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரி