ட்ரம்பெட் மூச்சு வாங்கிய இடம்

எப்போதும் என் பக்கமே பேசிய சேகர் அண்ணாவுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. அண்ணியிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன். நீ போய் யாரிடமும் உளற மாட்டாய் என்ற தைரியம்தான்.

முதலில் நல்ல சேதி. வரும் ஞாயிறு உன் மகள் பிரியாவுக்குக் காட்டுப்பாக்கத்தில் கல்யாண ரிசப்ஷன். அவள் குழந்தையாக இருந்தபோது நீ ஒரு டியூன் போட்டாயே, மேடை ஏறும்போது அதுதான் வேண்டுமாம். ஒரே அடம், உன்னை உரித்து வைத்திருக்கிறாள். உன் கச்சேரி ட்ரூப்பில் உனக்குப் பிறகு ட்ரம்பெட் ஊத ஆள் இல்லை. "அத்தே, நீதான் அப்பா லேப்டாப்ல ஏதாச்சும் பண்ணுவியே" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

நீ பயிற்சிக்கு வைத்திருந்த அதே மென்பொருள்தான். பாட்டின் சுரக்கூட்டுகளை, அதான் கார்ட்ஸை, தட்டி, தாளத்தைத் தேர்ந்தெடுத்தால் டிரம்ஸ், ட்ரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் தானாக வந்துவிடும். வந்தது. கார் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பாட்டு பாடுமே, அந்த லட்சணம். எல்லாரும் ஒரே நொடியில் ஊத ஆரம்பிக்கிறார்கள், ஒருத்தரும் மூச்சு வாங்குவதில்லை. ஊதுகிறவன் மனுஷன் என்று அதற்கு யார் சொல்வது?

சாக்ஸை இம்மியளவு பின்னால் தள்ளினேன். நீண்ட சுரங்களைச் சன்னமாகத் தொடங்கிப் பெருக்கினேன். மூச்சுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். உதட்டைக் குவித்து, கூடவே நானும் ஊதினேன். எனக்கு எங்கே மூச்சு முட்டியதோ, அங்கே ட்ரம்பெட்டை வெட்டி இடைவெளி விட்டேன். பரவாயில்லையே என்று பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று உன் கூட்டாளி, கீபோர்டு தாஸ் அண்ணன், கொரட்டூரிலிருந்து வந்து கேட்டார். முதலில் தலையாட்டினார். அப்புறம் முகம் மாறிவிட்டது.

"இன்னாமா இது, சேகரு கடைசி கச்சேரில வாசிச்சா மாதிரியே கீது. பாதி வரியிலயே மூச்சு வாங்கிகினு. அந்த ரெக்கார்டிங் எங்கேந்து புடிச்ச?"

"ரெக்கார்டிங் எதுவும் இல்லண்ணே. என் மூச்சு அவ்ளோதான் வந்துச்சு."

அவர் பாட்டை நிறுத்தினார். "நீயும் அதே பட்டறைலதானே கீற?" என்றார்.

ஆமாம் அண்ணா. அம்பத்தூரில் நீ இரும்புக்குச் சாணை பிடித்த அதே ஷெட்டில்தான் நான் இன்னும் பேக்கிங்கில் இருக்கிறேன். உன் நுரையீரலைத் தின்று உன்னையே கொண்டுபோன தூசு என்னை மட்டும் விட்டுவைக்குமா? மாடி ஏறினால் இளைப்பதை வயசாகிறது என்று நினைத்திருந்தேன். நேற்றிலிருந்து ஒவ்வொரு மூச்சையும் காது கொடுத்துக் கேட்கிறேன். உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா? எங்களிடம் சொல்லாமல் எவ்வளவு நாள் தனியாகப் பயந்தாய்?

"டாக்டராண்ட போலாம், நானும் வரேன்" என்றார் தாஸ் அண்ணன். ரிசப்ஷன் முடியட்டும் என்றேன்.

"சேகரும் இதத்தாம்மா சொன்னான். கச்சேரிலாம் முடியட்டும்னு."



அவர் போனதும் டியூனைத் திறந்து, இடைவெளிகளை ஒவ்வொன்றாக வரியின் முடிவுக்கு நகர்த்தினேன். பிரியா கேட்கப்போவது நீ நன்றாக இருந்த காலத்து மூச்சை. அது அவளுக்குப் போதும். லேப்டாப்பில் நகர்த்திவிட்டேன், என் நெஞ்சுக்குள் யார் நகர்த்துவது?

நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ரிசப்ஷனுக்கு முன்னாலேயே, அண்ணியிடம் சொல்லிவிட்டு. மூச்சை அளக்க உன்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்களே, என்னையும் சொல்வார்கள். பயமாகத்தான் இருக்கும், தெரியும். பயந்துகொண்டே ஊதுகிறேன். உன்னைப்போல் ஒளிக்க மாட்டேன் அண்ணா, இது சத்தியம்.

இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி,
கலா