இடப்பக்கமிருந்து வந்த கார்

யூன் 2, திங்கள்

சோளகக் காற்று. வீடு முழுக்கப் புழுதி. காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வெயில் ஏறினால் என் கால்கள் என் சொல்லைக் கேட்பதில்லை. ஈரத் துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிளினிக். இவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடையைத் திறக்க ஓடிவிட்டார்.

எம்.எஸ். என்ற இந்த நரம்பு நோய் வந்த எங்களுக்குப் புதுப் பயிற்சியாம். நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிளை இருபது நிமிடம் மிதிக்க வேண்டும். பிறகு கண்களை மறைத்துத் தலையில் ஒரு பெட்டியை மாட்டுவார்கள். வி.ஆர். உள்ளே ஓர் ஊர், கடைகள், வீதி. அதற்குள் நடந்து பழகினால் ஞாபகமும் கவனமும் கூடுமாம். சொன்னவள் சர்மிலா, பயிற்சி கொடுப்பவள். முப்பது வயதிருக்கும். எதற்கெடுத்தாலும் "சூப்பர் ரீச்சர்!" சைக்கிளில் ஏறினேன், சூப்பர். தண்ணீர் குடித்தேன், சூப்பர். இருபத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். ஒரு பிள்ளைக்கும் சும்மா சூப்பர் போட்டதில்லை.

போகாமல் விடவும் முடியாது. மாசி மாதம் பத்தாம் வகுப்பில் ஒரே கணக்கைக் கரும்பலகையில் இரண்டு தரம் செய்தேன், முதல் தரம் செய்தது அழியாமல் பக்கத்திலேயே இருக்க. பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அன்றிலிருந்து பள்ளிக்கூட அதிபர் என்னை நூலகத்தில் உட்கார வைத்திருக்கிறார். பயிற்சி முடிவில் கவனம் போதும் என்று கடிதம் கிடைத்தால் வகுப்பு திரும்பி வரும். இல்லாவிட்டால் புத்தகங்களுக்கு உறை போட்டபடியே ஓய்வு.

யூன் 4, புதன்

இன்று செத்தது ஏழு தரம்.

பெட்டிக்குள் வீதியைக் கடக்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறேன். எங்கிருந்தோ கார் வந்து அடிக்கிறது. எல்லாம் சிவப்பாகிறது, காதுக்குள் ஒரு கூவல். சர்மிலா ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன்: "கவனம் குறைவு."

பக்கத்துச் சைக்கிளில் குருநகர் மீனவர் அருளப்பு அண்ணை. அவருக்கும் இதே வருத்தம். கடலுக்குப் போய் இரண்டு வருடமாகிறது.

"நான் பதினொரு தரம் செத்திட்டன் ரீச்சர். இனிச் சேர்ச்சிலை எனக்கொரு ஆத்துமப் பூசை ஒப்புக்குடுக்க வேணும்."

சிரிப்பு வந்தது. சர்மிலா பார்த்ததால் அடக்கிக்கொண்டேன்.

வாங்க: உப்பு, சவர்க்காரம், பால்மா. எழுதாவிட்டால் மறப்பேன்.

பயமாக இருக்கிறது. இந்தத் தலைக்குள் இனிப் புதிதாக ஒன்றுமே ஏறாதோ?

யூன் 9, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். பிழை என் தலையில் இல்லை! அந்த ஊரில் வாகனங்கள் வீதியின் வலப்பக்கத்தால் ஓடுகின்றன. அப்படியானால் முதல் கார் இடப்பக்கமிருந்துதான் வரும். நானோ எங்கள் ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கத்தைப் பார்த்துக் காலை வைக்கிறேன். அருளப்பு அண்ணையும் அப்படித்தான். சர்மிலாவிடம் சொன்னேன்.

"பிள்ளை, உது வெளிநாட்டு றோட்டு. எங்கடை ஆக்கள் ஆர் எண்டாலும் உதிலை அடிபடுவினம்."

"விளங்குது ரீச்சர். ஆனா புரோகிராமை என்னாலை மாத்தேலாது. எத்தினை தரம் அடிபட்டது எண்டுதான் அறிக்கையிலை போகும்."

"அப்ப அறிக்கையிலை பொய் போகும்."

"இடப்பக்கம் பாக்கப் பழகுங்கோவன். பழகிறதுதானே பயிற்சி."

அதே சிரித்த முகம். பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்கு எழுதுவது.

யூன் 12, வியாழன்

இவரோடு சண்டை.

"அந்தப் பிள்ளை சொல்லுறதைப் பேசாமல் செய்யுமன். உமக்கு எல்லாரோடையும் கொழுவல்."

"உங்களுக்கென்ன, உங்கடை தலை நல்லாத்தானே இருக்கு."

இவர் எழும்பிக் கடைக்குப் போய்விட்டார். நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. மன்னிப்புக் கேட்கவும் மனமில்லை.

முடிவு: சர்மிலாவின் வாயை அடைக்கவாவது பழகுவேன். மிதிக்கும்போது இடது கால் இறங்குகிற ஒவ்வொரு தரமும் "இடம்." வீட்டில் அறை வாசலைத் தாண்டும்போதும், கிணற்றடிக்குப் போகும்போதும் முதலில் இடம்.

யூன் 18, புதன்

மூன்று தரம்தான் செத்தேன். இடது கால் மரத்துவிட்டது. நல்ல புழுக்கம். கிணற்றடிக்குப் போகும் வழியில் நான் கழுத்தைத் திருப்புவதை இவர் பார்த்துவிட்டார். தேத்தண்ணீர் போட்டுத் தந்தார்.

யூன் 25, புதன்

கடைசி நாள். ஒரு தரமும் சாகவில்லை. கடிதம் கையில்: கவனம் போதும்.

"பாத்தீங்களே ரீச்சர், மூளை பழகியிட்டுது!"

"பொம்மைக் கார் ஓடுற றோட்டிலை ஒரு தந்திரத்தைப் பாடமாக்கினனான், பிள்ளை. அவ்வளவுதான்."

முதல் தடவையாக அவளுடைய முகம் வாடியது. எனக்கு நல்ல திருப்தி.

வீட்டுக்கு வந்தபின் திருப்தி போய்விட்டது. கடிதம் பொய் சொல்கிறது என்றே படுகிறது. அதே கரும்பலகை, அதே தலை. மறுபடி இரண்டு தரம் செய்தால்?

யூன் 26, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் இவர் இறக்கிவிட்டார். கையில் கடிதம். பார்த்தேன், வீதி வெறுமை. காலை வைத்தேன்.

பிரேக் சத்தம். நீர்வேலிப் பக்கமிருந்து வாழைக்குலை ஏற்றி வந்த லொறி, வலப்பக்கம், ஒரு முழத்தில். ஒரு குலை வீதியில் விழுந்தது. சாரதி தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா! எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு வாறியள்?"

"இடப்பக்கம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. நாற்பத்தெட்டு வருடம் வலப்பக்கம் பார்த்தவள். மூன்று கிழமையில் இந்தக் கழுத்து, நான் நினைக்காமலே, இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. ஏறியிருக்கிறது. இந்தத் தலைக்குள் புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது! பள்ளிக்கூட வாசலில் நின்று அழுதேன், பிள்ளைகள் பார்க்க.

திங்கள் முதல் பத்தாம் வகுப்பு. அதற்குள் திரும்ப வலப்பக்கம் பழக வேண்டும்.

சர்மிலாவிடம் இதைச் சொல்லவே மாட்டேன். சந்தோசப்படுவாள்.