குழல்வாயில் கால் அங்குலம்

லூயிஸ்டவுன், மான்டனா
செப்டம்பர் 16

அன்புள்ள ஆர்டிஸ் அண்ணிக்கு,

வெர்னா எழுதுகிறேன். இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் வழக்கம்போல் முறைத்துக்கொண்டிருக்கிறது. டூசான் வெயில் உங்களை வாட்டாமல் இருக்க வேண்டும் என்பதே என் கவலை. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள். அண்ணனின் துப்பாக்கி விற்றுவிட்டது. உங்கள் மகன் கர்ட் சொன்ன ஐந்நூறுக்கு இல்லை. ஆயிரத்து முந்நூறு டாலர்! அண்ணன் கல்லறைக்குக் கல் வைக்கப்போகிறோம், அண்ணி. இரண்டு வருடமாக அந்தத் தகரப் பலகையைப் பார்த்துப் பார்த்து என் வயிறு எரிந்தது போதும்.

கர்ட்டைத் திட்டாதீர்கள். நல்ல பையன், ஆனால் துப்பாக்கிக்கும் துடைப்பத்துக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. வியாபாரி டுவேன் ப்ரெக்குக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறான். "பழைய பட்டாளத்துச் சாமான்பா, ஐந்நூறுக்கு மேல ஒருத்தனும் தரமாட்டான்" என்று டுவேன் சொல்ல, இவனும் சரி என்று தலையாட்டிவிட்டான். ஐந்நூறுக்குக் கல்வெட்டுக்காரர் என்ன தருவார் தெரியுமா? ரொட்டித் தட்டு அளவுக்கு, தரையோடு தரையாக ஒரு துண்டு. பனி விழுந்தால் ஐந்து மாதம் அண்ணன் எங்கே படுத்திருக்கிறான் என்றே தெரியாது. நிமிர்ந்து நிற்கும் கருங்கல்லுக்கு, எழுத்துக் கூலி சேர்த்து, ஆயிரத்து இருநூற்று ஐம்பது கேட்டார். அதனால்தான் பொறுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்களிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு எனக்கே உதறல்தான்.

போன வாரம் முழுக்க என் சமையல் மேசையில் துப்பாக்கிதான் கிடந்தது. பாகம் பாகமாகக் கழற்றினேன். எண்களெல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. துருவே இல்லை. குழலுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே வரிகள் புத்தம் புதிதாகச் சுழன்று போகின்றன. எட்டுத் தோட்டாவும் விசையை இழுக்க இழுக்கத் தடங்கலில்லாமல் போகிறதா என்று மணல்குழிப் பக்கம் போய்ச் சுட்டும் பார்த்துவிட்டேன். குறை என்றால் தோளில் அணைக்கிற அந்த மரக்கட்டைதான். அதில் பட்டாளத்துப் பரிசோதகர் குத்திய முத்திரை இருந்தது. துப்பாக்கி எண்ணெய் சோஃபாவில் ஒட்டுகிறது என்று 1983-ல் நீங்கள் போட்ட சத்தம் நினைவிருக்கிறதா? உங்கள் சொல்லுக்குப் பயந்து அண்ணன் உப்புத்தாள் எடுத்து உரசித் தள்ளி, அதன் மேல் வார்னிஷ் வேறு அடித்துவிட்டான். முத்திரை போயே போச்சு. சோஃபாவும் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. அதற்கு இருநூறு டாலர் கழிவு, அண்ணி. கணக்கை உங்கள் பேரில்தான் எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை பொருட்காட்சித் திடலின் பெரிய கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை. போனவுடன் நான் விற்க நிற்கவில்லை. வாசல் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து, சர்ச் பெண்கள் விற்ற செர்ரிப் பழ அப்பத்தில் இரண்டு துண்டு தின்றேன். மேசையில் தொங்குகிற விலைச்சீட்டு விற்பவனின் ஆசையைச் சொல்லும், அவ்வளவுதான். வாங்கியவன் வெளியே போகும்போது என்ன கொடுத்தான் என்பதுதான் விலை. நம் துப்பாக்கி மாதிரியே மூன்று என்னைத் தாண்டி வெளியே போயின. மூன்று பேரையும் வெட்கமில்லாமல் நிறுத்திக் கேட்டேன். ஆயிரத்து நானூற்று ஐம்பது, ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து ஐந்நூற்று இருபது. மூன்றும் மரம் கெடாதவை. இருநூறைக் கழித்தேன். நம்முடையது ஆயிரத்து முந்நூறு என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் எழுந்தேன்.

டுவேன் என்னைப் பார்த்ததும் கையைத் தட்டிக் கூப்பிட்டான். அவனை உங்களுக்கு நினைவிருக்கும். நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் ஆறு வருடம் கடைசி சீட்டில் உட்கார்ந்து காகித உருண்டை எறிந்தவன். "வாங்க வெர்னாக்கா, கர்ட்டு எல்லாம் பேசிட்டான், பணம் ரெடி" என்றான். பார்த்துவிட்டு விலை சொல் என்றேன். உடனே சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் வேடிக்கை காட்டுகிறவன் போல ஒரு தோட்டாவை எடுத்து, தலைகீழாக, அதன் குண்டு முனையைக் குழல்வாயில் விட்டான். குழல்வாய் தேயாமல் இருந்தால் குண்டு பாதியில் நின்றுவிடும், வெளியே கால் அங்குலமாவது தெரியும். அவன் விட்டது சர்ரென்று பித்தளைக் கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது. "பாத்தீங்களாக்கா, வாய் தேஞ்சு பொத்தலாப் போச்சு. இது சுவத்துல மாட்டத்தான் ஆகும். ஐந்நூறே நான் உங்க மொகத்துக்காகத் தர்றது" என்றான்.

பொய் சொல்வானேன், அண்ணி, அவனை நம்பிவிட்டேன். கல் போச்சு என்றே நினைத்தேன். அண்ணன் இதை இப்படித் தேயவிட்டிருப்பானா என்று அவன் மேலேயே ஒரு கணம் சந்தேகம் வந்தது. அதற்கு அவன் என்னை மன்னிக்க வேண்டும். பிறகுதான் டுவேன் கையிலிருந்த தோட்டாவைப் பார்த்தேன். முப்பது குளிர்காலம் அண்ணனோடு கொட்டகையில் உட்கார்ந்து தோட்டா நிரப்பிய கண் இது. குண்டு ஒல்லியாகத் தெரிந்தது. "டுவேன், அந்தத் தோட்டாவத் திருப்பி, அடில என்ன போட்டிருக்குன்னு சத்தமாப் படி" என்றேன். அவன் எதுக்குக்கா என்று இழுத்தான். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் அதை அவன் கையிலிருந்து பிடுங்கிப் படித்தார். 270! நம் துப்பாக்கிக்கு 30-06 அளவுத் தோட்டா. இரண்டுக்கும் பித்தளை உடம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், குண்டுதான் சின்னது. மோதிர விரலுக்குச் செய்த மோதிரத்தில் சுண்டுவிரலை விட்டால் அடிவரைக்கும் போகாதா?

என் கைப்பையிலிருந்து சரியான அளவுத் தோட்டாவை எடுத்தேன். மருந்தில்லாத வெற்றுத் தோட்டாதான், பயப்படாதீர்கள். குழல்வாயில் விட்டேன். டக்கென்று நின்றது. வெளியே கால் அங்குலம், முழுசாகக் கால் அங்குலம், செம்பு நிறத்தில் மின்னியது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். கண்ணாடி போடவில்லை, டப்பா மாறிவிட்டது என்று டுவேன் உளறினான். வேண்டுமென்றா தெரியாமலா என்பதைக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். தொள்ளாயிரம் என்றான், மூச்சு விடுவதற்குள் ஆயிரத்து நூறு என்றான். "பஸ்லயே உன்னக் கண்ணாடில பாத்துக்கிட்டுதான்டா நான் வண்டி ஓட்டினேன்" என்று சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு முழங்கால் வலிக்கவே இல்லை.

பின்னாலேயே ஒரு பெண் ஓடி வந்தாள். லியோனா என்று பெயர், இங்கே மான்டனாவிலேயே ஜோர்டன் ஊர்ப் பக்கம் கோதுமை விவசாயம், பழைய பட்டாளத் துப்பாக்கிப் போட்டிகளில் சுடுகிறவள். வந்த வேகத்தில் "ஆயிரத்தைந்நூறு, இப்பவே எண்ணித் தர்றேன்" என்றாள். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது, மறைக்கவில்லை. ஆனால் அண்ணனின் துப்பாக்கியை நான் டுவேன் மாதிரி விற்க முடியுமா? மரத்தைக் காட்டி, உப்புத்தாள் கதையைச் சொல்லி, இதன் விலை ஆயிரத்து முந்நூறுதான் என்றேன். சோஃபாவையும் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வெலையக் கொறைக்கிற வியாபாரிய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். நான் வியாபாரி இல்லை, அவன் தங்கச்சி என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு ஆயிரத்து முந்நூறை எண்ணித் தந்தாள். வசந்தத்தில் முதல் போட்டிக்கு நம்மை அழைத்திருக்கிறாள்.

நேற்றே கல்வெட்டுக்காரரிடம் பணத்தைக் கட்டிவிட்டேன். பனி விழும் முன் நட்டுவிடுவாராம். ஒன்று கேட்டார். கல் அகலமானது, பக்கத்துப் பாதியில் மனைவியின் பெயரையும் பிறந்த வருடத்தையும் இப்போதே வெட்டிவிடட்டுமா, கூலி வேண்டாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்று சத்தம் போட்டுவிட்டேன். அந்தப் பாதி வழவழவென்றே இருக்கட்டும்.

இத்துடன் ஒரு சின்னப் பெட்டி வரும். உள்ளே ஒரு பித்தளை மூடி. இந்தத் துப்பாக்கியை வாய்ப்பக்கமாகத்தான் துடைக்க முடியும், துடைக்கும் கம்பி உரசி உரசித்தான் எல்லோருடைய துப்பாக்கியும் தேய்கிறது. அண்ணன் ஒவ்வொரு முறையும் குழல்வாயில் மாட்டிக்கொள்ள, தன் கையாலேயே கடைந்த மூடி இது, கம்பி இதன் நடுத் துளை வழியாகத்தான் போகும். லியோனா கேட்டாள், நான் கொடுக்கவில்லை. அதன் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நாற்பது வருடத் தேய்மானமும் அதில்தான் இருக்கிறது. நமக்குக் கல் வாங்கிக்கொடுத்தது அதுதான், அண்ணி.

அது உங்கள் வீட்டுக்காரருடையது, என்னுடையதல்ல. ஆனால் கல் நடும் நாளில் அங்கே அது இருக்க வேண்டும். தபாலில் திருப்பி அனுப்பாதீர்கள், தபால்காரர்களை நம்ப முடியாது. நீங்களே கையில் கொண்டு வாருங்கள். கிழக்கு அறைக்குப் புதுத் திரை போட்டிருக்கிறேன். பெரிய பெட்டியாகவே கொண்டு வாருங்கள். பஸ் படி ஏறும் தெம்பைக் கர்த்தர் உங்கள் கால்களுக்குக் கொடுக்கட்டும்.

உங்கள் நாத்தனார்,
வெர்னா

பி.கு. புது சோஃபா வாங்கியிருக்கிறேன். எண்ணெய் பட்டாலும் பரவாயில்லை.